ஈயக்குண்டு அறுந்த வண்டி

உசிலம்பட்டி
21-4-1987

அன்புத் தம்பி கருத்தக்கண்ணனுக்கு அக்கா முத்துத்தாய் எழுதுவது. எப்போதும் எல்லோரும் சுகம் என்றுதான் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அதை எழுத மனசு வரவில்லை. நீயாவது அங்கே சுகமாக இரு.

உன் மச்சானை மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றோடு ஐந்து நாள். பதறாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கைதான் போய்விட்டது. கட்டைவிரலை மட்டும் டாக்டர் எப்படியோ காப்பாற்றிக் கொடுத்தார். மற்ற நாலும் இல்லை.

வியாழக்கிழமை தேனிக்கு ஒரு சவாரி. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது வண்டி தானாகவே அலற ஆரம்பித்திருக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாராம், அப்படியும் அலறல் குறையவில்லை. பின்னால் ரோடே தெரியாமல் புகை. சாவியைத் திருப்பி உருவிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், எஞ்சின் பாட்டுக்கு ஓடுகிறது. உள்ளே ஐந்து பேர், அதில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. எல்லோரையும் இறக்கித் தூர விரட்டிவிட்டு, வெடித்துவிடுமோ என்ற பயத்தில் காற்று இழுக்கிற ரப்பர் குழாயைப் பிடுங்கி, தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அந்த ஓட்டையில் அமுக்கியிருக்கிறார். துண்டை இழுத்தது. துண்டைப் பிடித்திருந்த கையையும் இழுத்தது. உள்ளே காற்றை இழுத்துத் தள்ளுகிற டர்போ விசிறி சுற்றிக்கொண்டிருந்ததே. அதற்குப் பிறகுதான் எஞ்சின் நின்றதாம்.

பன்னிரண்டு வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டிய மனுஷன். போன ஐப்பசியில்தான் சொந்தமாக இந்தச் சின்ன டர்போ காரை எடுத்தார். மதுரை காளவாசல் டாக்சி ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தி அதைத் துடைத்த துடைப்பு இருக்கிறதே, கல்யாணமான புதிதில் என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. மாசி சிவராத்திரிக்கு நீ வந்துபோனதிலிருந்து வண்டி பிய்த்துக்கொண்டு ஓடியது. கணவாயில் பஸ்ஸையே முந்துவதாகச் சொல்வார். அப்படி ஓடிய வண்டிக்கு என்ன வந்தது தம்பி?

வண்டியை இழுத்துவந்து வாசலில் போட்டிருக்கிறது. ஒரு வருஷம் வாரண்டி என்று கம்பெனி கொடுத்த அட்டை என்னிடம் இருக்கிறது. நீ அதே கம்பெனியில் கெட்டுப்போன எஞ்சினைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறாய். வேறு எஞ்சின் கிடைத்தால் ஆள் போட்டாவது ஓட்டி இந்த வீட்டில் அடுப்பெரியும். கிடைக்காவிட்டால் எனக்கு வழி தெரியவில்லை. உன்னைத்தான் மலை மாதிரி நம்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
முத்துத்தாய்


சென்னை
4-5-1987

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதியது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மச்சானுக்கு இப்படி நேர்ந்ததைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

எஞ்சின் விஷயம். அதை யாரும் தொடவேண்டாம். காளவாசல் மெக்கானிக் அப்துல் அலீமையும் திறக்க விடாதே. டீலர் ஷோரூமுக்கு எழுதிப் போடுங்கள், அவர்கள் ஆள் அனுப்புவார்கள்.

ஒரு காரியம் செய். பானட்டைத் திறந்தால் எஞ்சின் பக்கவாட்டில் டீசல் பம்பு இருக்கும். அதில் ஒரு திருகைச் சுற்றி மெல்லிய கம்பி, கம்பி முனையில் மிளகு அளவு ஈயக்குண்டு. எஞ்சினுக்குள் எவ்வளவு டீசல் போகவேண்டும் என்று கம்பெனி அந்தத் திருகில் அளந்து வைத்து, யாரும் மாற்றக்கூடாது என்று சீல் வைக்கிறது. குண்டு இருந்தால் வாரண்டி உண்டு. அறுந்திருந்தால் யார் வந்து கேட்டாலும் கிடையாது. அது இருக்கிறதா என்று நீயே பார்த்து எழுது. மச்சானிடம் கேட்டு அவரைத் தொந்தரவு செய்யாதே.

குட்டி மருமகள் தங்கப்பொண்ணுக்கு என் முத்தம்.

அன்புத் தம்பி,
கருத்தக்கண்ணன்


உசிலம்பட்டி
16-5-1987

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. மச்சானை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். காயம் ஆறுகிறது, ஆள்தான் ஆறவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்கோவில் போக நாலு சவாரி முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். அந்த ஆட்கள் வந்து வாசலில் வண்டியைப் பார்த்துவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

நீ சொன்ன இடத்தைப் பார்த்தேன். கம்பி இருக்கிறது. குண்டு இல்லை.

அந்த வண்டியில் கை வைக்கிற ஒரே ஆள் அலீம்தானே. நேராகக் காளவாசலுக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களும் நிற்கும்போதே, "எம்புருசன் கையத் தின்னது நீதானடா! வேகமா ஓடணும்னு திருகி விட்டியா?" என்று வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். அவன் என்கூடவே அடுத்த பஸ்ஸில் வந்து, எதையும் தொடாமல் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தான். அப்புறம் சொன்னான்: "அக்கா, அல்லா மேல சத்தியமா நான் ஆயில் மாத்துனதத் தவிர இதுல கை வச்சதில்ல. டீசல் திருகையும் கூட்டிருக்காங்க, காத்து கூடுதலாப் போக டர்போ தண்டையும் முறுக்கிருக்காங்க. ரெண்டும் சொல்லி வச்ச மாதிரி அளவாக் கூட்டிருக்கு. இது ரோட்டு மெக்கானிக் வேலை இல்லக்கா, இந்த எஞ்சினப் படிச்ச ஆளு செஞ்சது."

திருடன் எல்லாம் சத்தியம்தான் செய்வான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஸ்டாண்டில் இனி அவனிடம் யாரும் வண்டியை விடமாட்டார்கள். நன்றாக வேண்டும். நீ என்ன சொல்கிறாய்? அலீம் செய்தான் என்று எழுதிக் கொடுத்தால் கம்பெனி எஞ்சின் கொடுக்குமா?

உன் அக்கா,
முத்துத்தாய்


சென்னை
30-5-1987

அன்புள்ள அக்காவுக்கு. இங்கே வெயில் தாங்கவில்லை, மற்றபடி சுகம்.

யார் செய்தது என்ற பேச்சை இப்போது விட்டுவிடு. யார் மேலும் எழுதிக் கொடுக்கவேண்டாம். டீலர் ஆட்கள் எஞ்சினைக் கழற்றி இங்கே அனுப்புவார்கள். அது எங்கள் பகுதிக்குத்தான் வரும், அநேகமாக என் மேஜைக்கே வரும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

இத்துடன் ஒட்டிய கவர் ஒன்று வைத்திருக்கிறேன். அது மச்சானுக்கு. நீ பிரிக்காமல் அவரிடம் கொடுத்துவிடு. எஞ்சின் சம்பந்தமான விவரம்தான், உனக்குப் புரியாது.

அன்புத் தம்பி,
கருத்தக்கண்ணன்


உசிலம்பட்டி
14-6-1987

தம்பிக்கு அக்கா எழுதுவது. நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் சகித்துக்கொள்.

உன் கவரை அவரிடம் கொடுத்தேன். படித்தார். கிழித்து அடுப்பில் போட்டார். என்னவென்று கேட்டதற்கு, "மாப்ள சுகம் விசாரிச்சிருக்கான்" என்றார். மறுநாள் டீலர் ஆள் எஞ்சினைக் கழற்ற வந்தபோது அவன் கேட்காமலே இவர் சொல்கிறார்: "சீலை அறுத்தது நான்தேன். வண்டி ஏத்தத்துல இழுக்கலைன்னு நானே திருகுனேன்." அவன் அதை ஒரு தாளில் எழுதி நீட்டினான். கையெழுத்துப் போடக் கையில்லை. பத்தாம் வகுப்பு படித்த மனுஷன், ஊரே பார்க்க இடது கை பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வைத்தார்.

இரண்டு மாசமாக ஒன்றும் தெரியாத மாதிரி என்னை ஆட வைத்தாரே! நான் போய் அந்த அப்பாவிப் பயலை நடுரோட்டில் கேவலப்படுத்தினேனே! செய்ததுதான் செய்தார், வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி வருகிற எஞ்சினையும் கெடுத்துவிட்டார். அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை.

அலீமிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு மாதிரிச் சிரித்து, "அண்ணன் சொல்றது பொய்க்கா. அண்ணனுக்கு ஸ்டெப்னி மாத்தத் தெரியும், இது தெரியாது" என்கிறான். என் மனசை ஆற்றுவதற்குச் சொல்கிறான் போலிருக்கிறது.

நீதான் இதைச் சரிக்கட்ட வேண்டும். கைநாட்டு வைத்த தாள் உன் கைக்குத்தானே வரும்? ஆவணி இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, தங்கப்பொண்ணுக்குக் காது குத்து. மாமன் மடியில்லாமல் காது குத்த முடியாது. வந்துவிடு.

உன் அக்கா,
முத்துத்தாய்


உசிலம்பட்டி
10-8-1987

அன்புத் தம்பிக்கு. போன கடிதத்துக்கு இரண்டு மாசமாகப் பதிலில்லை. உனக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே? ஆடிக் காற்றில் வாசலில் கிடக்கிற வண்டிக்குள் ஒரு கூடை மண் சேர்ந்திருக்கிறது. எஞ்சின் இல்லாத வண்டியில் இவர் தினமும் காலையில் ஸ்டீயரிங் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார். தெருவில் போகிறவர்கள், "என்னண்ணே, சவாரியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவரும் சிரிக்கிறார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

நான் களை எடுக்கப் போகிறேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து கூலிக்குப் போனதில்லை, இப்போது போகிறேன். எஞ்சின் வருமா வராதா, ஒரு வரி எழுது. இல்லையென்றால் காதுகுத்துக்கு வரும்போதாவது சொல்லு.

உன் அக்கா,
முத்துத்தாய்


உசிலம்பட்டி
28-9-1987

தம்பிக்கு அக்கா எழுதுவது.

காதுகுத்துக்கு நீ வந்ததில் சந்தோஷம். ஆனால் நீ வந்த மாதிரியே இல்லை. பிள்ளையை மடியில் வைத்திருந்தபோது உனக்கு ஏன் அப்படி வேர்த்தது? கறிச்சோறு ஆக்கி வைத்திருந்தேன், வயிறு சரியில்லை என்று சாயங்கால பஸ்ஸுக்கே ஓடிவிட்டாய். எஞ்சினைப் பற்றிக் கேட்டதற்கு, "மேல போயிருக்குக்கா" என்றாய்.

மேலே போன காகிதம் கீழே வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் கடிதம். அலீமின் தங்கச்சி சாதிகா காலேஜில் படிக்கிறாள், அவளிடம் கொண்டுபோனேன். அவள் வரி வரியாகப் படித்துச் சொன்னாள். உரிமையாளரே சீலை உடைத்து எஞ்சினை மாற்றியமைத்ததாக ஒப்புக்கொண்டுவிட்டார். அதனால் வாரண்டி செல்லாது. சோதித்துப் பார்த்ததிலும் அதுவே காரணம் என்று தெரிகிறது. வேறு எஞ்சின் தர முடியாது.

அவ்வளவையும் தாங்கிக்கொண்டேன். கடைசியில், சோதித்தவர் பெயர் என்று உன் பெயரைப் படித்தாள். நான் நம்பாமல் கையெழுத்தை வாங்கிப் பார்த்தேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? சிலேட்டில் உன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியதே நான்தான்.

ஏன் தம்பி? கைநாட்டுத் தாள் இருக்கிறதே, நீ என்ன செய்வாய் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. ஆனால் வேறு யாரையாவது அந்தக் கையெழுத்தைப் போட வைத்திருக்கக் கூடாதா? காதுகுத்தன்று எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது உனக்கு இது தெரியும்தானே?

பதில் எழுது.

முத்துத்தாய்


சென்னை
9-10-1987

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. இதை உட்கார்ந்து படி.

சீலை அறுத்தது நான்.

சிவராத்திரிக்கு ஒச்சாண்டம்மன் கோவிலுக்கு எல்லோரும் அந்த வண்டியில்தானே போனோம். ஒன்பது பேர். வண்டி மூச்சு வாங்கியது. பின்னால் வேனில் வந்த பங்காளிகள், "என்னப்பா, உங்க கம்பெனி காரு கழுதை மாதிரி நிக்குது?" என்று கேலி செய்தார்கள். எனக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. நீ பொங்கல் வைத்துக்கொண்டிருந்தபோது மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டு கோவில் பின்பக்கம் வண்டியை எடுத்துப்போனேன். "வேண்டாம் மாப்ள, புது வண்டி" என்றார். "எனக்குத் தெரியாததா மச்சான்? கம்பெனி இதை அடக்கி வச்சிருக்கு. உள்ளே இன்னும் கால்வாசி பவர் தூங்குது" என்றேன். டீசலைக் கூட்டினேன். டர்போ தண்டை முறுக்கினேன். அறுத்த குண்டைக் கல்லில் தட்டி நசுக்கி மறுபடி கம்பியில் மாட்டிவைத்தேன். அது விழாமல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் உன்னைப் பார்க்கச் சொன்னேன். திரும்பும்போது அந்த வேனை முந்தினோமே, ஞாபகமிருக்கிறதா? நீதான் முதலில் கைதட்டினாய்.

கம்பெனி ஆளே கம்பெனி சீலை அறுத்தால் வேலை போய்விடும். மச்சானுக்குக் கவரில் எழுதியது அதைத்தான். பழியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் எழுதவில்லை. எனக்கு வேலை போய்விடும் என்று மட்டும் எழுதினேன். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அலீமை நீ திட்டியபோதும் சும்மா இருந்தேன். நீ மச்சானோடு பேசாமல் இருக்கிறாய் என்று படித்தபோதும் சும்மா இருந்தேன். இனி முடியவில்லை.

கருத்தக்கண்ணன்


உசிலம்பட்டி
20-10-1987

மாப்ளைக்கு மச்சான் பேயாண்டி எழுதுறது. இடது கையால எழுதுறேன், கோழி கிளறுன மாதிரிதான் இருக்கும். பேசுற மாதிரியே எழுதிட்டுப் போறேன். ஒடம்பப் பாத்துக்க.

உன் கடுதாசி வந்தப்ப உங்கக்கா களையெடுக்கப் போயிருந்தா. நான்தான் வாங்குனேன், நான்தான் படிச்சேன். அவகிட்டக் குடுக்கல. அடுப்புல போட்டாச்சு.

இந்தா பாரு மாப்ள. உங்கக்காவுக்குப் பொறந்த வீடுன்னு சொல்லிக்க நீ ஒருத்தந்தான். எம்புள்ள மாமன் மடியில ஒக்காந்து காது குத்திக்கிட்டா. அந்த மாமன ஊரு பாக்கக் குத்தவாளியா நிறுத்திட்டு எனக்கு எஞ்சின் எதுக்கு? அவ எம்மேல கோவமா இருக்கது எனக்குப் பழகிப்போச்சு. உம்மேல கோவப்பட்டா அவளுக்குத் தாங்காது.

இன்னொண்ணு. நீ திருகுனது மட்டும் காரணம்னு மனசப் போட்டுக் கொழப்பிக்காத. நானும் கணவாயில அம்புட்டு மிதி மிதிச்சிருக்கக் கூடாது. முன்னால போன பஸ்ஸ முந்தணும்னு மிதிச்சேன். பன்னெண்டு வருசம் ஓட்டுனவனுக்கு எஞ்சினோட மூச்சு தெரிய வேணாமா? படுத்தா அதுதான் ஓடுது. வண்டியக் கொன்னது நான்தான்னு தோணுது.

நாளைக் கழிச்சு தீபாவளி. வரவேணாம். இனிமே இதப் பத்தி எழுதாத.

பேயாண்டி


உசிலம்பட்டி
5-11-1987

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. தீபாவளிக்கும் நீ வரவில்லை. என் கடிதத்துக்கும் பதில் போடவில்லை. கோபம் என்று புரிந்துகொண்டேன்.

யோசித்துப் பார்த்தால் உன் கோபம் நியாயம்தான். உன் மச்சான் செய்த காரியத்தால் கம்பெனியில் உன் பெயர் கெட்டிருக்கும். சொந்த அக்காள் புருஷனே சீலை அறுத்தவன் என்று நாலு பேர் பேசியிருப்பார்கள். அந்தக் கூச்சத்தில்தான் நீயே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இது புரியாமல் உன்னிடம் கடுமையாகக் கேட்டுவிட்டேன். அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மனசில் வைத்துக்கொள்ளாதே.

இவரை இப்போது யாரும் மதிப்பதில்லை. கல்யாண வீட்டில் பங்காளிகள், "பேராசைப்பட்டுக் கையத் தொலைச்சவன்" என்று காதுபடச் சொல்கிறார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. என்னவென்று மறுப்பேன்?

ஐப்பசி முடிகிறது, வண்டி எடுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வாரண்டி அட்டையை இன்னும் அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். மறுபடி ஒரு மனு எழுதிப் போட்டால் பார்ப்பார்களா? உன்னால் முடியாதென்றாலும் முடியாது என்று ஒரு வரி எழுது.

உன் அக்கா,
முத்துத்தாய்


சென்னை
16-11-1987

அக்கா,

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நீ கையெழுத்துப் போட்டால்தான் தபால்காரர் கொடுப்பார். இதற்கு முன் எழுதியதை மச்சான் உன்னிடம் கொடுக்காமல் எரித்துவிட்டார். உனக்குப் பதில் வராதது என் கோபத்தால் இல்லை அக்கா. நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியதைப் படித்துவிட்டு லாட்ஜ் அறையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

சிவராத்திரியன்று கோவிலுக்குப் பின்னால் வைத்து, மச்சான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், சீலை அறுத்துத் திருகியது நான். என் வேலைக்காக அவர் கைநாட்டு வைத்தார். எரிந்துபோன கடிதத்தில் இவ்வளவும் எழுதியிருந்தேன். ஆனால் அதிலும் ஒன்றை எழுதவில்லை. மச்சானுக்கும் தெரியாது.

ஜூலையில் அந்த எஞ்சின் என் மேஜைக்கு வந்தது. டர்போவைப் பிரித்தேன். எண்ணெய் போகிற துளையில் மணல் இருந்தது. டர்போவின் கூட்டை மணல் அச்சில் வார்த்தபோது உள்ளே தங்கிய மணல். கம்பெனிக்கு அதைச் சப்ளை செய்த பட்டறையின் தவறு. அந்த மணல் எண்ணெயை அடைத்து, டர்போ தேய்ந்து, எஞ்சின் தன் எண்ணெயையே குடித்து ஓடியிருக்கிறது. அதனால்தான் சாவியை உருவியும் நிற்கவில்லை. நான் திருகியதில் கொஞ்சம் சீக்கிரம் போயிருக்கலாம். திருகாவிட்டாலும் அது போகத்தான் போயிருக்கும்.

மணலைக் காட்டியிருந்தால் பெரிய விசாரணை வரும். சீல் எப்படி அறுந்தது என்றும் தோண்டுவார்கள். கைநாட்டுத் தாள் பக்கத்திலேயே இருந்தது. மணலைக் கழுவி ஊற்றிவிட்டு, உரிமையாளர் செய்த மாற்றமே காரணம் என்று எழுதினேன். டர்போவை உருக்கப் போடவும் நானே கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பரில் அதே மாதிரி இன்னும் பதினோரு வண்டிகள் வந்தன. எல்லாவற்றிலும் மணல். பதினோரு பேருக்கும் கம்பெனி புது எஞ்சின் கொடுத்துவிட்டது. சீல் அறுந்திருந்த இரண்டு வண்டிக்குக்கூடக் கொடுத்தார்கள். உங்கள் வண்டி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

போன திங்கட்கிழமை மேனேஜரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். எஞ்சின் கேட்டேன். மணல் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். என் வார்த்தைதான் ஆதாரம் என்றேன். "பொய் ரிப்போர்ட் எழுதுனவன் வார்த்தையா?" என்றார். ஒரு வருஷமும் முடிந்துவிட்டது. இனி எஞ்சின் வராது அக்கா.

எங்கே போவதென்று தெரியவில்லை. உன் வாசலுக்கு வர எனக்குக் கால் வரவில்லை. என்னை என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

கருத்தக்கண்ணன்


உசிலம்பட்டி
27-11-1987

கருத்தக்கண்ணனுக்கு முத்துத்தாய் எழுதுவது.

கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு நானே வாங்கினேன். மூன்று தடவை படித்தேன். அரிசிப் பானையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் கிழித்துப் போட்டேன். கிழிக்க வேறு எதுவும் என்னிடம் இல்லை.

ஒன்றைச் சொல்கிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆனியிலிருந்து நான் அவருக்குத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். இடது கையால் அள்ளுவார், பாதி தரையில் சிந்தும். தங்கப்பொண்ணு பொறுக்கி அவர் வாயில் ஊட்டுவாள். நான் அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டு, நன்றாக வேண்டும் என்று நினைப்பேன். ஐந்து மாசம் தம்பி! கட்டிய புருஷன் சோறு சிந்துவதைப் பார்த்து அப்படி நினைத்தேன். அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அந்தப் பாவத்தை எனக்குக் கொடுத்தது நீ.

நேற்று பிசைந்து நானே ஊட்டினேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். திருகியதைப் படித்தபோது, "அது எனக்குத் தெரியும், விடு" என்றார். வேலை போனதைப் படித்தபோது, "அட கூறுகெட்டவனே" என்று உனக்காக வருத்தப்பட்டார். மணலைப் படித்தபோது வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பயமாகிவிட்டது. பதினோரு பேருக்கு எஞ்சின் கொடுத்ததைக் கேட்டு உன்னைச் சபிப்பார் என்று நினைத்தேன். சபிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

மறுபடி அந்த இடத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை கேட்டார். அதையும் படித்தேன். வாசலில் கிடக்கிற வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்ப நான் வண்டிய ஒழுங்காத்தான் ஓட்டிருக்கேன், என்ன?"

அவருக்கு ஏழு மாசமாக இது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்திருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை. உன் மேஜையில் அதற்குப் பதில் இருந்தது, நீ கழுவி ஊற்றினாய்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. அவர் மன்னித்தால் அது அவர் பாடு. எஞ்சின் இனி வேண்டாம், வண்டியை எடைக்கு எடுக்க ஆள் சொல்லியிருக்கிறோம். ஆனால் நீ வா. காளவாசலில் இறங்கு. முதலில் அலீமின் பட்டறையில் மன்னிப்புக் கேள், அடுத்து ஸ்டாண்டுக்குப் போ. அங்கே எல்லா டிரைவர்களும் நிற்கிற நேரமாகப் பார்த்து, பேயாண்டி வண்டியை ஒழுங்காகத்தான் ஓட்டினார் என்று சத்தமாகச் சொல்லு. அவரையும் அங்கே கூட்டிவந்து நிறுத்துகிறேன். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே நீ போகலாம்.

முத்துத்தாய்